ஈறுக்குள் நீலச் சாயம்

— தலையை ஆட்டாதீங்க அண்ணா.

— அது நான் சொல்ற வசனம் டாக்டரம்மா! இருபது வருஷமா சலூன் நாற்காலியில எத்தனை பேருக்குத் துணி போர்த்தி, தலையை ஆட்டாதீங்கன்னு சொல்லியிருப்பேன். இன்னிக்கு எனக்கே கழுத்து வரைக்கும் போர்த்திட்டீங்க.

— கண்ணாடியையும் மாட்டிக்கோங்க. வெளிச்சம் கண்ணுல படக் கூடாது.

— இவ்வளவு பெரிய கறுப்புக் கண்ணாடியா? என்னைப் பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது.

— இப்போ ஈறுக்குள்ள நீலச் சாயம் விடுறேன். ரெண்டு நிமிஷம் ஊறணும்.

— சாயமா? நரைக்கு நான் போடுவேனே, அந்த மாதிரியா?

— நீங்க போடுறது முடியில ஒட்டும். இது ஈறுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற கிருமி மேல ஒட்டும். அப்புறம் சிவப்பு வெளிச்சம் காட்டுவேன். வெளிச்சம் பட்டாத்தான் சாயம் வேலை செய்யும், கிருமி சாகும்.

— வெளிச்சம் படலைன்னா?

— வாய் நீலமா இருக்கும், அவ்வளவுதான். கிருமி பாட்டுக்கு ஜாலியா இருக்கும்.

— கரண்ட் போயிடப் போகுது டாக்டரம்மா, பார்த்து.

— போகாது. போன வாரமே அழுக்கைச் சுரண்டிட்டேன், இது மிச்சம் மீதிக்குத்தான். ஆமா, ஏன் இவ்வளவு நாள் வரலை? பல் தேய்க்கும்போது ரத்தம் வந்திருக்குமே?

— வந்துச்சு, கண்டுக்கலை. ஆறு மாசம் முன்னாடி ஒருத்தருக்கு மீசையைத் திருத்தக் குனிஞ்சேன். மனுஷன் மூச்சையே அடக்கிக்கிட்டார். அப்போதான் என் வாய் நாறுதுன்னு எனக்கே தெரிஞ்சது. கடையில மாஸ்க் போட்டுச் சமாளிக்கிறேன். வீட்டுல பொண்டாட்டி முன்னாடி மாஸ்க் போட முடியுமா? அவ கிட்ட வந்தாலே முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

— அவங்ககிட்ட சொல்லிட வேண்டியதுதானே?

— வெக்கமா இருக்காதா? எப்படியும் அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. நாலு மாசமா தலையணையைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்து ரூமுக்குப் போயிட்டா. கேட்டா, என் குறட்டையாம்! கல்யாணம் ஆன நாள்ல இருந்து விடுற குறட்டை, இப்போதான் அவளுக்குக் கேட்டுச்சாம். நாத்தம்னு சொன்னா நான் நொந்துபோவேன்னு மறைக்கிறா, பாவம். அவ பக்கத்துல இல்லாம எனக்குத் தூக்கமே வரலை டாக்டரம்மா. எப்படியாவது அவ திரும்பி வரணும்.

— வருவாங்க. வாயைக் கொப்பளிங்க. இப்போ நல்லாத் திறங்க. நான் சொல்ற வரைக்கும் பேசக் கூடாது.

— ஆங்.

— டாக்டரம்மா, உள்ளே வரட்டுமா?

— ங்ஆ?

— அசையாதீங்க அண்ணா. அக்கா, மறுபடியும் நீங்களா? கொஞ்சம் வெளியே உக்காருங்க, ஆள் இருக்காங்க.

— ஒரே நிமிஷம். அவர் யாரோ, கேட்டா கேட்டுட்டுப் போறார். என் வாய் நாத்தத்துக்கும் ஏதாவது மருந்து விட்டுடுங்க.

— மூணு தடவை பார்த்தாச்சு அக்கா. உங்க ஈறுல ஒரு குறையும் இல்லை. நாத்தமும் இல்லை.

— இல்லாமலா எங்க வீட்டுக்காரர், நான் கிட்ட போனாலே முகத்தைத் திருப்பிக்கிறார்? நேரா சொன்னா நான் அழுவேன்னு வாயைத் திறக்க மாட்டேங்கிறார். அவருக்கு எதுக்குக் கஷ்டம்னு நானே குறட்டைன்னு ஒரு பொய்யைச் சொல்லிட்டு நாலு மாசமா தனியாப் படுத்திருக்கேன்.

— ங்ஆ! ங்ங்ஆ!

— அண்ணா, அசையாதீங்கன்னா! இன்னும் பத்து செகண்ட்தான். சரி, முடிஞ்சது. என்ன ஆச்சு? கண்ணாடியை ஏன் கழட்டுறீங்க?

— ஐயோ, என்னங்க, நீங்களா! கடைக்குன்னுதானே கிளம்பினீங்க? வாயெல்லாம் ஏன் இப்படி நீலமா இருக்கு?

— நாறுறது என் வாய்டி! உன் மேல வாடை அடிக்கக் கூடாதுன்னுதான் திரும்பிக்கிட்டேன். அந்த நாத்தம் தாங்காமத்தான் நீ அந்த ரூமுக்குப் போயிட்டேன்னு நினைச்சேன்.

— உங்க வாயா? ஆறு மாசத்துல ஒரு நாளாவது நீங்க கிட்ட வந்திருந்தாத்தானே எனக்குத் தெரியும்!