பாரோயில் கிடைத்த வீடு

பெடாஸிலிருந்து சிரம்பானுக்குப் போகும் பேருந்தில் அன்று பதினான்கு பேர் இருந்தோம். இறங்க வேண்டிய இடம் தப்பிவிடுமோ என்ற பயத்தில் நான் நிறுத்தங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்னார்: "பாரோயில வீடு கெடச்சும் எங்க அண்ணன் பஸ் ஸ்டேஷன் பெஞ்சிலதான் படுக்கிறாரு."

"ஏங்க்கா? மலிவு வீடு கெடைக்காம எத்தன பேரு தவிக்கிறாங்க!" என்றார் இளையவர்.

"எஸ்டேட்ட மூடுனதுலேருந்து ரெண்டு வருசமா பெஞ்சுதான். இப்ப வீட்டுல தூக்கம் வரலையாம். எஸ்டேட்டு லயத்து வரிச வீட்டுல நடுச்சுவரு கூரைய முட்டாதுல்ல? ஒருத்தர் இருமுனா பக்கத்து வீட்டுக்காரரு என்னய்யான்னு கேப்பாரு. அப்படியே பழகிட்டாரு. பஸ் ஸ்டேஷன்லயும் பக்கத்துல ஆளு இருக்கும்."

"ரேடியோவ போட்டுக்கச் சொல்லுங்கலா!"

"சொன்னேன். நான் இருமுனா ரேடியோ என்னய்யான்னு கேக்குமாங்கிறாரு."

இளையவர் சிரித்தார்.

"சிரிக்காத. வெள்ளிக்கிழம வீடு குடுத்த ஆபீசர் பாக்க வராரு. ஆளு தங்கலன்னா வீட்ட வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

இளையவர் மூத்தவர் பக்கம் திரும்பினார்.

"இப்ப என்னக்கா செய்யப் போறீங்க?"

மூத்தவர் காலடியில் இருந்த பையைத் திறந்து காட்டினார். தலையணை, போர்வை, இரண்டு கைலி.

"நான் அங்க தங்கப் போறேன். ரெண்டு ரூம்பு கதவையும் தொறந்து வச்சா போதும். அவரு இருமுனா நான் கேப்பேன்."

"அப்ப உங்க வீட்டுக்காரரு?"

"அவரு ஒரு மாசம் தனியா இருமட்டும்லா."