பாதிக் கொய்யா, ஒரு புடி பூசணி வெத

— சப்போட்டாவ கீழ வைய்யா. மொதல்ல கீழ வை.

— ஒண்ணே ஒண்ணு பிரின்சி. கவரைப்பேட்ட ஸ்டேஷன்லேர்ந்து நடந்தே வந்துகிறேன்.

— நடந்துட்டா சுகரு ஓடிப்பூடுமா? இந்தா, பாதிக் கொய்யா. தடவிப் பாத்து செங்காயா வாங்கியாந்தேன். கூட ஒரு புடி பூசணி வெத. மென்னு துன்னு, முழுங்காத.

— பாதிக் கொய்யா, ஒரு புடி வெத. நான் இன்னா கிளியா?

— கிளியா இருந்தா பறந்து போயி கிரேன்ல குந்திக்கலாமே. உன்னத்தான் ஏத்தவே மாட்றாங்களே.

— பேஜாரு பண்ணாத. 'ராபினு, சுகரு கொறையிற வரிக்கும் கீழ நின்னு கொடி காட்டு'ன்ட்டாரு மேனேஜரு. பதினாலு வருசம் மேல குந்திகினு இருந்தவன் நானு. தரையில ஒரு எடத்துல நிக்க முடில.

— அதுக்குத்தான் சொல்றேன். மொதல்ல கடைல குடிக்கிற ஜூஸ வுடு, பழமாவே துன்னு. கூடவே வெத போனா சுகரு சடார்னு ஏறாது.

— எனக்கு சரி. நீ ஏம்மே அதயே துன்னுகினு கீற? சோத்தக்கூட கொறச்சிட்ட.

— தொணைக்கு.

— அந்த சுகர் மெஷினக் குடு. காலைல எனக்கு எவ்ளோ காட்டிச்சின்னு நீ சொல்லவே இல்ல.

— வாணாய்யா. வை அத.

— இரு... நூத்தி நாப்பத்திரெண்டு. இது என்னுது. இது இன்னா? முன்னூத்திப் பத்து! போன வெள்ளிக்கெழம, பகல் பதினோரு மணி. அதுக்கு முன்னால முன்னூத்தி நாப்பது. அந்த நேரத்துல நான் கம்பெனில இல்ல இருந்தேன்?

— மெஷினு ரிப்பேரு.

— பிரின்சி. என் மூஞ்சப் பாத்து சொல்லு.

— என்னுதுதான். மூணு மாசமா.

— மூணு மாசமா! மாத்திர?

— போடல. உன்கூடவே பழம், வெதன்னு அளவா துன்னா எறங்கிடும்னு நெனச்சேன்.

— எனக்கே மாத்திரையோடதானம்மே இதெல்லாம்! ஆஸ்பத்திரிக்குப் போனா இன்னா?

— தேர்வாய் கண்டிகை கம்பெனில நான் ரெண்டு நாளு லீவு போட்டா, காண்ட்ராக்ட்காரன் என் எடத்துல வேற ஆள நிக்க வெச்சிடுவான். நீயும் கிரேன வுட்டு எறங்கிட்ட. ரெண்டு பேரும் ஊட்ல குந்திகினா இன்னா பண்றது?

— கெளம்பு. இப்பவே.

— நாளைக்குப் போலாம்யா.

— வெரலக் குடு. ஆடாத... அவ்ளோதான். நீயே பாத்து சொல்லு, இன்னிக்கி எவ்ளோ?

— நீ படிய்யா. நாலு நாளா என் கண்ணுக்கு நம்பரே தெரில.