புரூஃப் அக்காவின் வியாழக்கிழமை வகுப்பு

மேடையில் வீற்றிருக்கும் காது கேளாதோர் சங்கத் தலைவர் அவர்களே, அச்சகத்திலிருந்து வந்திருக்கும் தோழர்களே, அக்காவின் தம்பி குடும்பத்தாரே, என் பேச்சைக் கைகளில் ஏந்தி அருகில் நிற்கும் மொழிபெயர்ப்பாளரே, எதிரே நிறைந்திருக்கும் அன்பர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

புரூஃப் அக்கா போய்விட்டார். பிறவியிலேயே காது கேளாதவர். முப்பது ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவர். அவரைச் சைகையில் குறிக்க நாம் காதுக்குப் பின்னால் ஒரு விரலை வைப்போம். அவருடைய பென்சில் எப்போதும் அங்கேதான் இருக்கும். என்னைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் எனக்கும் அவர் அக்காதான். அவரைப் புகழ இங்கே பலர் உண்டு. அவரிடம் தோற்றவள் என்ற தகுதியில் நான் பேச வந்திருக்கிறேன்.

என் கணவரும் காது கேளாதவர். அவரோடு முப்பத்தாறு ஆண்டுகள் கையால் பேசி வாழ்ந்தவள் நான். போதாததற்குக் கான்வென்ட் படிப்பு வேறு. அவர் காலமான பின் மருத்துவமனையில் மொழிபெயர்க்கப் போனேன். என்னை மிஞ்ச ஆளில்லை என்று எண்ணியிருந்தேன்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை. தையல் வேலை செய்யும் ஒரு பெண். காது கேளாதவர், பிள்ளை இல்லாதவர். கருப்பையில் கட்டி. மருத்துவர் நான்கு நிமிடம் பேசினார். கருப்பையையே எடுத்துவிடலாம், அதுதான் நல்லது என்றார். கட்டியை மட்டும் எடுக்கவும் வழி உண்டு, ஆனால் அது திரும்பி வரலாம் என்றார். நான் கையால் என்ன சொன்னேன்? "ஆபரேஷன் பண்ணணும். எல்லாம் சரியாயிடும்." அவ்வளவுதான். பெண் பயந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம். நல்லெண்ணம்!

அவர் தலையாட்டினார். புரியவில்லை என்றால் எதிரே இருப்பவர் முகம் சுளிக்கும். தலையாட்டினால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். காது கேளாதவர்களுக்கு நாம் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. ஒப்புதல் படிவம் வந்தது. பேனா வந்தது.

துணைக்கு வந்திருந்தவர் புரூஃப் அக்கா. காது கேளாதவர்களுக்குத் தங்கள் உரிமையைக் கேட்டுப் பெறக் கற்றுத்தர அக்கா நடத்திய வியாழக்கிழமை வகுப்பில் அந்தப் பெண் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஏதோ சரியில்லை என்று பட்டதும் அக்கா பக்கம் திரும்பினார். அக்கா என்ன செய்தார் தெரியுமா? முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்! கையால் பேசுகிறவர்களிடையே முகத்தைத் திருப்புவது கதவைச் சாத்துவது போல. இவ்வளவு கல்நெஞ்சா என்று நினைத்தேன்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நிமிர்த்தினார்.

"நிறுத்துங்க. டாக்டர் வாய் அவ்வளவு நேரம் அசைஞ்சுது. உங்க கை ஏன் இத்தனூண்டு அசைஞ்சுது? மிச்சம் எங்க?"

என்ன கேட்கிறார் என்றார் மருத்துவர். என் மீதான குற்றத்தை என் வாயாலேயே மொழிபெயர்த்தேன். அவர் முதலிலிருந்து தொடங்கினார். அந்தப் பெண் ஒன்பது கேள்வி கேட்டார். வெளியே வரிசை முணுமுணுத்தது. கட்டியை மட்டும் எடுங்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு பிள்ளை பிறந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். அது அவர் வீட்டு விஷயம். முடிவு அவருடையது, நமக்கு அதுதான் விஷயம்.

தாழ்வாரத்தில் அக்காவிடம் சீறினேன். நீங்களே என்னை நிறுத்தியிருக்கலாமே, அவள் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றேன்.

"எப்படிப் போடுவா? கையெழுத்துப் போடற பக்கத்தைப் படிவம் வந்தப்பவே உருவி என் பையில வச்சுட்டேன். அவ நிறுத்தினப்புறம்தான் திருப்பி வச்சேன். நான் சொல்லிக் குடுத்தா இன்னிக்குத் தப்பிப்பா. நாளைக்கு நான் இருப்பேனா?" பிறகு சிரித்தார். "வியாழக்கிழமை வகுப்புக்கு வாங்கம்மா. தப்பாச் சொல்ல ஒரு ஆள் வேணும். உங்களுக்கு நல்லா வருது."

போனேன். பதினோரு ஆண்டுகள் போனேன். மொழிபெயர்ப்பதுபோல் நடித்து, வேண்டுமென்றே ஒரு தேதியை விழுங்குவேன். ஒரு கேள்விக்கு நானே பதில் சொல்லிவிடுவேன். வகுப்பில் இருப்பவர்கள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்கவும், உறவினர் போதும் என்றால் மறுக்கவும், சரியில்லாத ஆளை மாற்றச் சொல்லவும் அக்கா கற்றுக்கொடுத்தார். ஐம்பது வயதுக் கொத்தனார் ஒருவர், வாழ்நாளில் காது கேட்கும் யாரையும் நிறுத்தியறியாதவர், உள்ளங்கையை என் முன் உயர்த்திய நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் கையை உயர்த்த வைத்த பெண்மணியை என்னவென்று சொல்வது?

ஒருநாள் வகுப்பு முடிந்து பேருந்தில் வரும்போது என் கணவர் நினைவுக்கு வந்தார். வங்கியில், மருத்துவமனையில், பிள்ளையின் பள்ளியில், அவருக்கு நான் எவ்வளவு சுருக்கியிருப்பேன்? அவர் தலையாட்டினார். எப்போதும் தலையாட்டினார். இனி அவரிடம் கேட்க வழியில்லை.

வகுப்பை நான் ஏற்க வேண்டும் என்று சிலர் கேட்டீர்கள். மாட்டேன். காது கேட்கும் நான் அங்கே நிற்பது முறையல்ல. அன்று பேனாவைக் கீழே வைத்தாரே, அவர் நடத்துவார். இன்று காலை சம்மதித்துவிட்டார். வரும் வியாழன் மாலை நான்கு மணிக்கு நானும் வருவேன், எதையாவது விழுங்குவேன். என் வயதைப் பார்த்து யாரும் தலையாட்டிவிடாதீர்கள்.