ஆறாத ரேடியேட்டர்

பழைய வண்டியைச் சூடேறாமல் வைத்திருப்பது பெரிய வித்தை இல்லை சார். ரேடியேட்டரில் தண்ணீர் குறையக் கூடாது, ஃபேன் பெல்ட் தளரக் கூடாது. அவ்வளவுதான். என் அறுபத்துநாலாம் வருட ஃபியட் மும்பை செம்பூர் டிராஃபிக்கில் ஒருநாளும் கொதித்து நின்றதில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை தவிர.

மனைவி ஏஞ்சலம்மாள் இறந்த பிறகு வீட்டில் நானும் மகள் ஜெனியும்தான். அவளுக்கு ஸ்டெர்லினைப் பார்த்து முடித்ததே நான்தான். பக்கத்திலேயே நெருளில் குடியிருப்பார்கள் என்றுதான் பேச்சு. கல்யாணமான பிறகு மாப்பிள்ளை, பஹ்ரைனில் வேலை கிடைத்திருக்கிறது என்றார். அன்றே ஜெனி பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தாள். பாடிக்கொண்டே துடைத்தாள். அம்மா போன பின் அவள் பாடி நான் கேட்டதில்லை.

மெக்கானிக் இனாயத்துல்லா விசாரணையில் உங்களிடம் சொன்னது சரி, இன்ஸ்பெக்டர் சார். பெல்ட் தானாகத் தளரவில்லை. கோயிலுக்குக் கிளம்புமுன் போல்ட்டைத் திருகித் தளர்த்தியது நான்தான்.

டிராம்பே சாலையில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டி, பானெட்டைத் தூக்கினேன்.

"மாப்ள, அந்த மூடியத் தெறந்து தண்ணி ஊத்துங்க."

"சூடா இருக்குமே மாமா?"

"அதெல்லாம் ஆறிட்டு. சும்மா தெறங்க."

"நீங்க சொன்னா சரிதான்" என்று சிரித்தபடி குனிந்தார். கொதிநீர் எவ்வளவு உயரம் பீறிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் சற்றுத் தள்ளி நின்றேன்.

மாப்பிள்ளைக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. கை மட்டும் வேகும் என்று நினைத்தேன் என்று சொன்னால் அது பொய்.

பஹ்ரைன்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். இப்போது மூவரும் செம்பூர் வீட்டில்தான் இருக்கிறோம். மாப்பிள்ளைக்கு நானே சோறு ஊட்டுகிறேன். தெரியாமல் படியிறங்கிவிடக் கூடாதே என்று வாசற்கதவைப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொள்கிறேன். ஜெனிக்கு வேண்டியதையும் நானே வாங்கி வந்துவிடுகிறேன். அவள் வெளியே அலைய வேண்டியதில்லை.

நேற்று சாப்பாடு பரிமாறும்போது மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, நீங்க எப்பப்பா சாவீங்க?"

பாவம் சார். நான் இல்லாமல் போனால் என்ன செய்வோம் என்று இப்போதே பயப்படுகிறாள்.