நாலாவது மாடிக்குக் கொஞ்சம் கீழே

மெக்கானிக் இன்னும் வரலையான்னா கேக்குறீங்க? நான்தான் சார் மெக்கானிக். ஆமா, பொம்பளைதான். கதவத் தட்டாதீங்க, உங்க கைதான் வீங்கும். நீங்க இப்ப மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல தொங்கிட்டிருக்கீங்க. நான் நாலாவது மாடியில, உங்க தலைக்கு மேல முட்டி போட்டு உக்காந்திருக்கேன். கதவ ஒரு சாண் திறந்து வச்சிருக்கேன், வெளிச்சம் தெரியுதா? என் முகம் தெரியாது, பூட்ஸ் தெரியும்.

ஏறி வர்றீங்களா? ஐயையோ, அந்த வேலையே வேண்டாம். கால் வழுக்குனா கீழ நேரா குழி. பேசாம தரையில உக்காருங்க. மூச்செல்லாம் முட்டாது, மேல காத்து வர வழி இருக்கு. இந்தாங்க, தண்ணி பாட்டில், கைய நீட்டுங்க. புடிச்சீங்களா? ம்.

தெரியும் சார், நாலு மணி. வந்ததுலேர்ந்து ஏழெட்டு வாட்டி சொல்லிட்டீங்க. ஆறாவது மாடியில லாட்டரி ஆபீஸ், நாலு மணிக்குக் கவுன்டர் மூடிருவாங்க, உங்க சீட்டுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள். பழைய சட்டப் பையில கிடந்ததக் காலையிலதான் பாத்தீங்க. எல்லாம் காதுல விழுந்துச்சு.

சீட்ட எங்கிட்டக் குடுத்து அனுப்புறீங்களா? ஆளே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்னு நீங்கதான சார் இப்ப சொன்னீங்க? வச்சுக்கங்க, நான் தொடமாட்டேன். வாட்ச்மேன மேல அனுப்பிக் கொஞ்சம் பொறுக்கச் சொல்றதா? அவர் கீழ மெயின் சுவிட்ச் பக்கத்துல நிக்கணும். அங்கேர்ந்து நகர்த்த முடியாது.

என்ன பழுதுன்னா, ஒண்ணும் பெருசா இல்ல. ஒவ்வொரு மாடிக் கதவுலயும் நகக்கண்ணு அளவுக்கு ரெண்டு தகடு இருக்கும். கதவு மூடினா அது ரெண்டும் ஒட்டணும். நடுவுல தூசி உக்காந்தா, கதவு மூடலையோன்னு லிஃப்ட்டுக்குச் சந்தேகம் வந்துரும். நின்னுரும். அவ்வளவுதான். துடைக்கணும், பாக்கணும், எல்லாம் நிதானமாத்தான் செய்யணும். அவசரப்பட்டு ஓட்டி நடுவுல மறுபடி நின்னா?

பேசிட்டே இருக்கேன், உங்களுக்கும் பதட்டம் தெரியாது. இந்த வேலைக்கு எப்படி வந்தேன்னு எல்லாரும் கேப்பாங்க. நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன்.

எங்கப்பாவும் உங்கள மாதிரிதான் சார், சீட்டு வாங்குவாரு. வாரம் ஒண்ணு, ரெண்டுன்னு இல்ல, கத்தையா. நல்லா வேலை தெரிஞ்ச மனுஷன். தையல் மிஷின் ரிப்பேர்ல கெட்டிக்காரர். ஆனா கடையத் திறக்கவே மாட்டாரு. ஒரு குலுக்கல் விழுந்தா பத்து வருஷச் சம்பாத்தியம், எதுக்கு முதுகு ஒடியணும்னு கேப்பாரு. நான் அஞ்சாவது படிக்கும்போது எனக்கு ஒரு நாள் காய்ச்சல். ஸ்கூலுக்குப் போகாம வீட்ல படுத்திருந்தேன். அன்னிக்குப் பாத்து அவருக்கு ஒரு சின்னப் பரிசு விழுந்துருச்சு. ஒரு மின்விசிறி வாங்குற அளவுக்கு. போச்சு! அன்னியிலேர்ந்து குலுக்கல் நாள்ல நான் வாசப்படி தாண்டக் கூடாது. நான் வீட்ல இருந்தாத்தான் அவருக்கு ராசியாம்.

சிரிக்காதீங்க. ஓ, இருமலா? சரி, தண்ணி குடிங்க.

மாசத்துல நாலு நாள் லீவு. டீச்சர் கேட்டா வயித்து வலின்னு சொல்லணும். வயித்து வலிக்காரின்னே பேர் வச்சுட்டாங்க. அப்படியும் நான் படிச்சேன் சார், வெறியோட படிச்சேன். கணக்குன்னா எனக்கு உயிரு. கடைசி வருஷப் பரீட்சை வந்துச்சு. கணக்குப் பரீட்சை அன்னிக்கே அவருக்குப் பெரிய குலுக்கல். அம்மா விடியறதுக்கு முன்னாடியே வேலைக்குப் போயிட்டாங்க. நான் குளிச்சு, தல வாரி, பேனாவுக்கு மை போட்டு வந்து கதவ இழுக்குறேன், வரல. வெளிய பூட்டு. அவர் கிளம்பிப் போயாச்சு.

பத்து மணிக்குப் பரீட்சை. பத்தரைக்கு மேல போனா உள்ள விடமாட்டாங்க. ஜன்னல் கம்பியப் புடிச்சுக் கத்துறேன். எதிர்வீட்டுக்காரம்மா வந்து பாத்தாங்க. உங்கப்பா பூட்டினத நான் உடைச்சா நாளைக்கு யாரு பேச்சு வாங்குறதுன்னு போயிட்டாங்க. சுவத்துல கடிகாரம். பத்து. பத்தேகால். பத்தரை. அந்த முள்ளு நகர்ற சத்தம் இருக்கே… விடுங்க. உங்களுக்கே இப்பத் தெரிஞ்சிருக்கும்.

சாயங்காலம் வந்தாரு. வெறுங்கையோட. நான் தரையில உக்காந்திருக்கேன், முகமெல்லாம் வீங்கி. மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை வரும்னு நெனச்சேன். என்ன சொன்னாருன்னு நெனைக்கிறீங்க? நீ அழுதிருக்க, அதான் என் ராசி கெட்டுப்போச்சுன்னாரு. சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, சோத்தப் போடுன்னாரு.

மணியா? மூணே முக்கால். பண்ணிட்டுத்தான் சார் இருக்கேன்.

அம்மாவும் நானும் மறுவாரமே சித்தி வீட்டுக்குப் போயிட்டோம். அவர் தேடல. குலுக்கல் நாள்ல மட்டும் ஒரு வாட்டி ஆள் அனுப்புனாரு, பொண்ண ஒரு நாள் மட்டும் வீட்டுக்கு வந்து உக்காரச் சொல்லுன்னு. அம்மா விளக்குமாத்தக் காட்டி அனுப்பிச்சாங்க. நான் ஒரு ஒம்பது மாடிக் கட்டடத்துல கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போனேன். ஒரு நாள் லிஃப்ட் நின்னுபோச்சு. மெக்கானிக் வந்தாரு, டார்ச்சப் புடிம்மான்னாரு. புடிச்சேன். அரை மணி நேரம். அவருக்குக் கிடைச்ச கூலி எனக்குப் பாதி மாசச் சம்பளம். அடடா, தொழில்னா இதுடான்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன்.

விட்ட பரீட்சைய எழுதினேன். அப்புறம் லிஃப்ட் வேலை கத்துக்க ரெண்டு வருஷம் சாயங்கால வகுப்பு. இருபத்தாறு ஆம்பளைங்க, நான் ஒருத்தி. முத நாள் ஒருத்தன் விளக்குமாறு அந்த மூலையில இருக்குன்னான். கடைசி நாள் அவனோட சர்க்யூட்ட நான்தான் சரி பண்ணிக் குடுத்தேன். சம்பளத்துல மிச்சம் புடிச்சதெல்லாம் புஸ்தகமும் கருவியுமா வாங்கினேன். கூட வேலை பாக்குறவங்க நகை வாங்கினாங்க, நான் கரண்ட் அளக்குற மல்டிமீட்டர் வாங்கினேன். சித்தி தலையில அடிச்சுக்கிட்டாங்க. இந்தக் கையில ஒரு விரல்ல நகமே கிடையாது, கதவுல நசுங்குனது. மெக்கானிக் பரீட்சையில ரெண்டு வாட்டி ஃபெயில்.

உண்மையச் சொல்லணும்னா, ரெண்டாவது வாட்டி ஃபெயிலான அன்னிக்கு நானும் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கினேன். ரத்தம் அப்படித்தான போகும்? ஆனா குலுக்கலுக்கு முன்னாடியே கிழிச்சுப் போட்டுட்டேன். விழாதுன்னு இல்ல சார். விழுந்துட்டா அந்தாளு சொன்னது சரின்னு ஆயிடுமே, அந்த பயம். மூணாவது வாட்டி பாஸ். இப்ப என் பொறுப்புல முப்பது கட்டடம் இருக்கு. எங்க லிஃப்ட் நின்னாலும் எனக்குத்தான் போன் வரும்.



எங்கம்மாவா? எங்கம்மா எங்க வேலை பாத்தாங்கன்னா கேக்குறீங்க? ஆஸ்பத்திரி சலவையில. ஏன் சார், எந்திரிச்சு நிக்கிறீங்க? அவங்க என்கூடத்தான் இருக்காங்க. ரத்த அழுத்த மாத்திரையத் தவிர ஒரு குறையும் இல்ல.

ஒரு நிமிஷம். படியில யாரோ வர்றாங்க. என்னம்மா, முடிஞ்சுதா? ஆறாவது மாடியா? ஷட்டர இறக்கியாச்சா? சரி, சரி, பாத்துப் போங்க, மூணாவது படி ஈரமா இருக்கு.

கேட்டீங்கள்ல? கவுன்டர்ல உக்கார்ற அம்மாதான். மணி நாலு ஆறு.

கத்துங்க, பரவாயில்ல. கத்தி முடிங்க, நான் இருக்கேன்.

முடிஞ்சுதா? இப்ப கதவச் சாத்தி, இந்தச் சாவியத் திருப்புவேன். லிஃப்ட் நாலாவது மாடிக்கு ஏறி வரும், கதவு தானாத் திறக்கும். பயப்பட ஒண்ணும் இல்ல. வந்த அஞ்சாவது நிமிஷமே தகடத் துடைச்சு முடிச்சுட்டேன். அப்பவே திருப்பியிருப்பேன். சாவி கையில இருக்கும்போதுதான் உள்ளேர்ந்து ஒரு குரல் வந்துச்சு. இன்னிக்கு எந்தச் சனியன் வீட்டவிட்டு வெளிய போச்சோ, என் ராசியக் கெடுத்துருச்சுன்னு. உலகத்துல அப்படிப் பேசுற ஆள் ஒருத்தர்தான்.

வேலைப் புஸ்தகத்துல எழுதிட்டேன். பழுது, கதவுத் தகடு. பழுது நீங்கின நேரம், மூணு இருபது. ஆள வெளிய விட்ட நேரம், நாலு எட்டு. பொய் எழுதல. நாளைக்குக் கம்பெனியில கேப்பாங்க, வேலையவிட்டுத் தூக்கினாலும் தூக்குவாங்க. தூக்கட்டும். எந்த ஊர்லயும் லிஃப்ட் இருக்கு, எனக்கு அதத் திறக்கத் தெரியும். கீழ என் கையெழுத்தும் போட்டாச்சு.

தள்ளி நில்லுங்கப்பா. கதவு திறக்கப் போகுது.