சிக்கிச் சிக்கி ஓடும் கல்யாணம்

— இந்தா, இங்கனதான் பிள்ள. கெட்டிமேளம் முழங்குது, எம் மவன் தாலியக் கையில எடுத்துட்டான், கை மட்டும் அந்தரத்துல நிக்கி பாரு. சத்தம் அதுபாட்டுக்கு ஓடுது, படம் வர மாட்டேங்கு.

— பாத்தேன் பெரியம்மா. கொஞ்சம் நிறுத்திக்கிடுதேன். ஒண்ணொண்ணா பாப்போம், கண்டுபிடிச்சிரலாம்.

— பாரு, யாரு வேண்டாங்கா. ஒம் பேரு என்னன்னு சொன்ன?

— ஸமீஹா. மேலப்பாளையத்துல கடை வச்சிருக்கேன்.

— ஏட்டி விஜயஸ்ரீ, அந்த ஃபேன ஸமீஹா பக்கம் திருப்பி வையி. வேர்த்து ஊத்துது அதுக்கு.

— சரி அத்தை.

— என் மருமவ. கம்ப்யூட்டர் இன்ஜினீருக்குப் படிச்சவ. என்னத்தச் சொல்ல, சொந்தக் கல்யாணத்த ஓட்டத் தெரியல.

— அக்கா, நீங்க ஏதாவது செஞ்சு பாத்தீங்களா?

— இல்ல. நான் ஒண்ணும் செய்யல.

— டிஸ்க் கண்ணாடியாட்டம் இருக்கு பெரியம்மா, ஒரு கீறல் இல்ல. இது ப்ளூரே. படம் ரொம்பத் துல்லியமா இருக்கும், அதனால கம்ப்யூட்டருக்கு வேலை ஜாஸ்தி. பழைய பொட்டின்னா திணறும். இது பழசாவும் தெரியல.

— கல்யாணத்துக்குப் பொறவு வாங்குனது. எம் மவன் சிவகணேசு பாத்துப் பாத்து வாங்குனான். அவனுக்கு எல்லாமே பாத்துப் பாத்துத்தான்.

— டிவியில போட்டுப் பாக்கலாமே?

— அதுக்குத் தனியா ஒரு பொட்டி வேணுமாம்லா. வாங்கித் தாடான்னா, இதுலதான் ஓடுதேங்கான். ஓடிச்சு, நல்லாத்தான் ஓடிச்சு. போன வாரத்துல இருந்து இந்தக் கூத்து. மத்தியானம் ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு, தெனமும் இத ஒரு தடவ பாத்தாத்தான் எனக்குப் பொழுது போவும்.

— தெனமுமா? மவன் கல்யாணத்து மேல அம்புட்டு ஆசையா!

— மவன் மொகத்தத்தான் நித்தம் பாக்கேனே. இது எந் தங்கச்சிக்காவ. உடன்குடில இருந்து வந்திருந்தா. பச்சப் பட்டுடுத்தி, என் தோள்ல கையப் போட்டுக்கிட்டு நிப்பா. எதுக்கோ சிரிப்பா, நானும் சிரிப்பேன். இப்ப என்னன்னா, அவ சிரிக்க வாயத் தொறக்கா, அப்படியே நின்னுருதா. பாக்கச் சகிக்கல.

— உடன்குடி பக்கந்தான பெரியம்மா. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாம்லா?

— எங்கன போவ? வீட்ட யாரு பாக்க? நீ வேலையப் பாரு.

— டிஸ்க் ஓட்டுற டிரைவும் நல்லாத்தான் சுத்துது. வேற ஒரு படத்த ஓட்டிப் பாப்போம். ம், இதுவும் திக்குது. அப்ப டிஸ்க்குல கோளாறு இல்ல, உள்ளதான் என்னமோ இருக்கு. பிளேயர மாத்திப் போட்டாலும் இதே கதைதான். இருங்க, செட்டிங்ஸ்ல பாக்கேன்.

— எம் போனு அடிக்கி. அவன்தான். ஏய்யா, சொல்லுய்யா. ஆமா, வந்திருக்கா. பொம்பளப் பிள்ளதான், நீதான் கேமராவுல பாத்துட்டியே. இல்ல, இவ பேசல, நாந்தான் பேசிக்கிட்டு இருக்கேன். சரிய்யா. சரிய்யா, கூடவே இருக்கேன். வைக்கேன்.

— யா அல்லாஹ், இது என்ன?

— என்ன பிள்ள, வெடிச்சிட்டா?

— வெடிக்கல பெரியம்மா. பிராசஸர்னு ஒண்ணு உண்டு, கம்ப்யூட்டருக்கு அதுதான் மூளை. அது இருபது சதவீதத்துக்கு மேல வேலை செய்யக் கூடாதுன்னு கட்டிப் போட்டு வச்சிருக்கு. படத்துக்கு ஒத்தாசை பண்ணுற வசதியும் அணைஞ்சு கெடக்கு. பொறவு எங்கிட்டு ஓடும்? இது தானா வராது. விசயம் தெரிஞ்ச யாரோ வேணும்னே செஞ்சிருக்காவ.

— வேணும்னா? இந்த வீட்டுல யாரு இருக்கா, வேணும்னு செய்ய?

— கை பட்டிருக்கும் அத்தை. தூசி தட்டும்போது.

— தூசி தட்டும்போது.

— ஆமா அத்தை.

— என்னத்தச் சொல்ல. நான் போய்க் காப்பி போடுதேன். ஏட்டி, நீ இங்கனயே நில்லு.

— அக்கா, அவுங்க போயிட்டாவ. தூசி தட்டி இது மாறாதுக்கா. நீங்கதான் செஞ்சீங்களா?

— பையப் பேசுங்க. நான்தான் செஞ்சேன்.

— எதுக்குக்கா? பாவம், வயசானவுங்க ஆசையாப் பாக்காவ.

— ஆள் வரணும்னுதான். வெளிய இருந்து ஒரு ஆள் இந்த வாசலத் தாண்டி உள்ள வரணும். அவரு ஆம்பள மெக்கானிக்க வீட்டுக்குள்ள விடமாட்டாரு, பொம்பளையாப் பாத்துத்தான் கூப்பிடுவாரு. பேப்பருக்குள்ள ஒங்க கடை நோட்டீஸ் வந்துச்சு. அத அத்தை கண்ணுல படுற எடத்துல வச்சுட்டு, இதக் கெடுத்தேன்.

— எனக்கு வெளங்கல.

— என்னைப் பூட்டி வச்சிருக்காரு ஸமீஹா. கூட வேலை பாத்த ஒருத்தர் என் பொறந்த நாளுக்கு வாழ்த்து அனுப்புனாரு, அவ்வளவுதான். வேலைய விடுன்னாரு, விட்டேன். போனக் குடுன்னாரு, குடுத்தேன். எங்க அம்மாகிட்ட பேசணும்னாக்கூட அவரு முன்னால ஸ்பீக்கர்லதான் பேசணும். நல்லா இருக்கேன்மான்னு சொல்லி வைக்கணும்.

— இந்தக் கம்ப்யூட்டர்ல நெட்டு இருக்குமே, யாருக்காவது எழுதியிருக்கலாம்லா?

— இதுக்கு நெட்டு கிடையாது. மோடம் அவரு ரூமுக்குள்ள, ரூமுக்குப் பூட்டு. வாசக் கேமராவுக்கு மட்டுந்தான் நெட்டு. நீங்க செருப்பக் கழட்டுனதக்கூட நாங்குநேரில இருந்துக்கிட்டே பாத்திருப்பாரு. அங்க ஒரு கல்யாணம். கேட்டுச் சாவி அத்தை இடுப்புல.

— எம் போனத் தாரேன். போலீசுக்குப் பேசுங்க.

— வருவாங்க. புருசன் பொண்டாட்டி சண்டைன்னு அவரையே உக்கார வச்சுப் பேசுவாங்க. அவுங்க போனதுக்குப் பொறவு நான் இங்கனதான இருக்கணும்? மொதல்ல நான் வெளிய போகணும். அம்பாசமுத்திரத்துல எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டேன்னா, பொறவு யாருகிட்ட வேணும்னாலும் பேசுவேன். என்னால முடியல ஸமீஹா. இன்னைக்கு விட்டா அடுத்து எதைக் கெடுத்து யாரக் கூப்பிட?

— அக்கா, நான் நாலு வீட்டுக்குள்ள போய்ப் பிழைக்கிறவ. வேலைக்கு வந்த எடத்துல மருமவளக் கூட்டிட்டுப் போயிட்டான்னு பேராச்சுன்னா, என்னை எவ உள்ள விடுவா?

— தெரியும். நான் கேட்டிருக்கக் கூடாது.

— அழாதீங்க. அழுத மொகத்தோட நின்னா அவுங்களுக்குத் தெரிஞ்சிரும். இருங்க, யோசிக்கேன். பொட்டியக் கடைக்குக் கொண்டு போகணும்னு சொல்லுதேன். ஸ்கூட்டர்ல ஒத்தையாக் கொண்டு போக முடியாது, பின்னால ஒரு ஆள் உக்காந்து மடியில பிடிச்சுக்கிடணும்லா? கேமரா பாக்கட்டுமே. பொட்டியோடதான போறோம்.

— இந்தா காப்பி. கருப்பட்டி போட்டிருக்கேன். என்ன, வயரெல்லாம் கழத்திட்ட?

— இங்கன முடியாது பெரியம்மா. கடைக்குக் கொண்டு போய்ப் பாக்கணும்.

— இப்பத்தான கண்டுபிடிச்சிட்டேன்னு சொன்ன?

— கண்டுபிடிச்சேன். சரி பண்ணக் கடைக்குப் போகணும். பின்னால உக்காந்து பொட்டியப் பிடிச்சுக்க ஆள் வேணும். அக்கா வந்தாங்கன்னா, பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து விட்டுருதேன்.

— அப்படியா. அவனக் கேக்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாது. இரு, போடுதேன். ஏய்யா, நாந்தான். அது இங்கன சரியாவாதாம்யா, பொட்டியக் கடைக்குக் கொண்டு போவணுமாம். ஸ்கூட்டர்ல பிடிச்சுக்க இவ கூடப் போனா... இல்லய்யா, நான் அனுப்பல. கேக்கத்தான் செஞ்சேன். ஏன்யா கத்துத? சரி. சரி, அனுப்பல. பாத்து வா.

— என்ன சொல்லுதாரு பெரியம்மா?

— பொட்டியத் தொடக் கூடாதாம். காருல அவனே கொண்டு போவானாம். அங்கன பொறப்பட்டுட்டான். ஒன்னைய உடனே அனுப்பிரச் சொல்லுதான்.

— அத்தை, என்னை விட்ருங்க.

— என்னட்டி சொல்லுத?

— நான்தான் அதக் கெடுத்தேன். கை படல, தூசி தட்டல. இவங்க வரணும்னு நானே கெடுத்தேன். அவரு வந்து பாத்தாருன்னா கண்டுபிடிச்சிருவாரு. அதுக்குப் பொறவு எனக்கு இந்த ரூம்கூட கெடையாது. ஒங்க கால்ல விழுதேன், கேட்டத் தொறந்து விடுங்க. நான் யாருக்கு என்ன துரோகம் பண்ணுனேன்? எங்க அம்மாவப் பாக்கணும். ரோட்டுல நாலு பேரு கூட நடக்கணும். எனக்குப் பயமா இருக்கு அத்தை, இந்த வீட்டுக்குள்ளயே செத்துப் போயிருவேன்னு பயமா இருக்கு.

— சத்தம் போடாத. பக்கத்து வீட்டுல கேக்கும்.

— கேக்கட்டும்!

— அவன் அப்பாவும் இப்படித்தான். வெத்தல வாங்கணும்னாலும் ஆளத்தான் அனுப்புவாவ, நான் வாசப்படி எறங்கக் கூடாது. நான் இருக்கலையா? இருந்து மூணு பிள்ள பெத்து வளக்கலையா? அவுங்க போன பொறவு இவன் சாவிய என் கையில தந்தான். தந்துட்டு, நான் தொறக்கேனான்னு பாக்க வாசல்ல கேமராவ மாட்டுனான். என்னத்தச் சொல்ல. நில்லுங்க ரெண்டு பேரும்.

— எங்க போறாவ அக்கா?

— உள்ள. சாமி ரூமுக்கா இருக்கும். எதுன்னாலும் அங்க போய் உக்காந்துக்கிடுவாங்க.

— நாங்குநேரில இருந்து காருல வர எவ்வளவு நேரம் ஆவும்? நான் கெளம்பட்டுமாக்கா?

— சாவி இல்லாம நீங்களும் போக முடியாது ஸமீஹா.

— அல்லாவே!

— வாங்க, பொட்டிய நான் தூக்கிக்கிடுதேன். கேட்டுகிட்ட போய் நின்னு கத்துவேன். தெருவுல யாராவது ஒருத்தர் திரும்பிப் பாக்க மாட்டாங்களா?

— அக்கா, ஃபேன் நின்னுட்டு. லைட்டும் இல்ல. கரண்ட் போயிட்டு போல.

— கரண்டு எங்கயும் போவல பிள்ள. மெயினையும் இன்வெர்ட்டரையும் நாந்தான் அணைச்சேன். அந்தக் கேமராவுக்கு இப்பக் கண்ணு தெரியாது. ஏட்டி, இந்தா கேட்டுச் சாவி, பிடி.

— அத்தை! அவரு வந்து கேட்டா ஒங்கள என்ன செய்வாரு?

— அந்தப் பொட்டிய மொதல்ல கீழ வையி. அதையும் தூக்கிக்கிட்டா, ஸ்கூட்டர்ல நான் எங்கன உக்கார?