டெலஸ்கோப்பும் டேபிள் ஃபேனும்

கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த ரயில் திருவொற்றியூரைத் தாண்டியிருந்தது. எனக்கு எதிரே இரண்டு பெண்கள். மூத்தவள் பேப்பரில் விண்வெளி டெலஸ்கோப் பற்றிய செய்தி படித்துக்கொண்டிருந்தாள். இளையவள் மடியில் டேபிள் ஃபேன்.

“டெலஸ்கோப்ப இன்னாத்துக்குக்கா வானத்துல வுட்டுக்கிறாங்க? தரையில வச்சா ஆவாதா?”

“தரையிலயும் கீது. ஆனா இங்கேர்ந்து பாத்தா காத்து மறைச்சிக்கினு நட்சத்திரம் கலங்கலா தெரியுதாம். மேல பளிச்சுனு தெரியுமாம்.”

“எண்ணூரு பொகையில நெலாவே கலங்கலாத்தான் கீது. சரி, மேல ரிப்பேர் ஆனா?”

“ராக்கெட்டுல ஆளு போயி சரி பண்ணாங்களாம்.”

இளையவள் ஓடாத ஃபேனின் இறக்கையை விரலால் சுற்றிவிட்டாள்.

“நமக்குத் தரைதான்க்கா லாயக்கு. எங்க வூடு மூணாவது மாடி. அதுக்கே மெக்கானிக்கு ஏற மாட்டேன்னுட்டான்.”